புகையை விட்டவரும் உடல் எடை பற்றிய அச்சமும்

(தைப்பூச விரத காலத்தையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





தைப்பூசம் நெருங்கும் வேளையில் மலேசியத் தமிழர் இல்லங்களில் நிகழும் மாற்றம் ஒன்று உண்டு. காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர், விரதம் தொடங்கும் நாளன்று மாமிசத்தை விலக்குகிறார், மதுவை விலக்குகிறார், அவற்றோடு வெண்சுருட்டையும் விலக்குகிறார். மருத்துவர் பலமுறை எச்சரித்தும், மனைவி மன்றாடியும், பிள்ளைகள் கண் கலங்கியும் விடாதவர், வேலவனுக்கு வாக்குக் கொடுத்தவுடன் விட்டுவிடுகிறார். இருபது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் நிற்கிறது. இது சிறிய செயலன்று. மனிதனுடைய மனவுறுதி எத்துணை வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், காவடியை இறக்கி வைத்த சில வாரங்களிலேயே அவருள் பலர் மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடுகின்றனர் என்பதும் அனைவரும் அறிந்த உண்மையே. ஏன் இவ்வாறு நிகழ்கிறது? பழைய நண்பர்கள், வேலையிடத்துச் சலிப்பு, இரவுப் பணியின் அயர்வு எனக் காரணங்கள் பலவாகும். அவற்றுள், பலர் வெளியில் சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்று உண்டு. அது யாதெனில், உடல் எடை கூடிவிடுமே என்னும் அச்சம். இவ்வுரை அந்த அச்சத்தைப் பற்றியதே ஆகும்.

அன்பர் ஒருவரைக் கற்பனையில் நிறுத்திப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து, லாரி ஓட்டுநர். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, பால்குடமும் காவடியும் எடுத்து நேர்த்திக்கடனைச் செவ்வனே நிறைவேற்றினார். மாசி மாதத்தில் கால்சட்டை இடுப்பில் இறுகத் தொடங்கியது. ஒருநாள் அன்னதானப் பந்தியில் அருகில் அமர்ந்த இளைஞர், "என்னண்ணே, சிகரெட்டை விட்டதும் உடம்பு ஏறிப்போச்சே!" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டவருக்கு அது வேடிக்கை. அன்பருக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. பங்குனி பிறப்பதற்குள் சட்டைப்பையில் பழைய பெட்டி மீண்டும் இடம்பெற்றுவிட்டது. இப்படிப்பட்ட அன்பர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார்.

அவருடைய அச்சத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. புகையை விட்டவர்களுள் பெரும்பாலோருக்கு எடை கூடுகிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. எவ்வளவு கூடுகிறது, ஏன் கூடுகிறது, அதனால் விளையும் தீமை எவ்வளவு என்பனவற்றை அறிந்துகொண்டால் அச்சம் தன் உண்மை அளவுக்குச் சுருங்கிவிடும்.

வெண்சுருட்டில் உள்ள நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் மூளையில் பசி உணர்வை மட்டுப்படுத்துகிறது. இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. உடலைச் சும்மா இருக்கும் வேளையிலும் சற்றுக் கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்கச் செய்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு பெட்டி புகைப்பவரிடத்தில் இவ்வாறு செலவாகும் கூடுதல் ஆற்றல் சுமார் 200 கிலோகலோரி என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். புகையை விட்டதும் இந்தத் தூண்டுதல் நின்றுபோகிறது. பசி இயல்புக்குத் திரும்புகிறது. மரத்துப் போயிருந்த நாவும் மூக்கும் விழித்துக்கொள்வதால் உணவு முன்னைவிடச் சுவைக்கிறது. பல்லாண்டுகளாக வெண்சுருட்டைப் பிடித்துப் பழகிய கையும் உதடும் வேறு ஏதேனும் ஒன்றைத் தேடுகின்றன. இவை அனைத்தும் சேர்ந்தே எடையைக் கூட்டுகின்றன.

ஆகவே, ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். புகைப்பவரின் மெலிவு உடல்நலத்தால் வந்த மெலிவன்று. நஞ்சினால் வந்த மெலிவு. புகையை விட்டபின் கூடும் எடையில் பெரும்பகுதி, அவர் புகைக்காமலே இருந்திருந்தால் இயல்பாகக் கொண்டிருக்கக்கூடிய எடையே ஆகும்.

இனி, எவ்வளவு கூடுகிறது என்பதைக் காண்போர்க்கு 2012-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று துணைபுரியும். 62 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த அத்தொகுப்பின்படி, மருந்து எதுவும் துணைகொள்ளாமல் புகையை விட்டவர்களுக்கு முதல் மாதத்தில் சராசரியாக 1.1 கிலோ கூடியது. மூன்று மாதங்களில் 2.9 கிலோ, ஓராண்டு முடிவில் 4.7 கிலோ. இது சராசரிதான். ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு எடை குறைந்தே இருந்தது. 10 கிலோவுக்கு மேல் கூடியவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர். புகையை விட்டவர் எல்லாரும் பருத்துவிடுவர் என்னும் பேச்சு உண்மையன்று என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கில், விரதம் இருப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று மறைந்திருக்கிறது. எடை விரைந்து கூடுவது முதல் மூன்று மாதங்களில்தான். விரதமோ நாற்பத்தெட்டு நாள். விரதக் காலத்தில் மரக்கறி உணவும் ஒருவேளை உணவும் இருப்பதால் எடை கூடுவது வெளியில் தெரிவதில்லை. விரதம் முடிந்ததும் பழைய உணவு, அதுவும் நெடுநாள் விட்டிருந்த ஆவலோடு, திரும்பி வருகிறது. மறைந்திருந்த எடை அப்பொழுது ஒருசேர வெளிப்படுகிறது. பார்ப்பவர், "விட்டதால் வந்தது" என்கின்றார். விட்டவரும் அதையே நம்பிவிடுகிறார்.

இதில் மிகுந்த வருத்தத்திற்குரியது யாதெனில், புகையை விடுவதில் கடினமான பகுதியை அவர் அதற்குள் கடந்துவிட்டார் என்பதே. எரிச்சல், தூக்கமின்மை, மனக்குழப்பம், புகைக்கத் துடிக்கும் வேட்கை ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடுகின்றன. நாற்பத்தெட்டாம் நாளில் நிற்பவர் ஆற்றைக் கடந்து அக்கரையில் நிற்பவர். கரையேறியவர் மீண்டும் வெள்ளத்தில் குதிப்பதற்கு இடுப்பளவு ஒரு காரணமாகலாமா?

மெலிவுக்கும் வெண்சுருட்டுக்கும் முடிச்சுப் போட்டதில் வணிகர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் லக்கி ஸ்டிரைக் நிறுவனத்தார், இனிப்புக்குப் பதிலாகத் தங்கள் வெண்சுருட்டை நாடுமாறு பெண்களுக்கு விளம்பரம் செய்தனர். இனிப்புத் தயாரிப்பாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பும் அளவுக்கு அவ்விளம்பரம் வெற்றி பெற்றது. 1968-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே வெளியிடப்பட்ட வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்னும் வெண்சுருட்டு, மெலிவைத் தன் பெயரிலேயே தாங்கி வந்தது. புகைத்தால் மெலியலாம், விட்டால் பருக்க நேரும் என்னும் எண்ணம் இவ்வாறு விலைகொடுத்து விதைக்கப்பட்டதாகும். இன்று மின் வெண்சுருட்டை நாடும் இளையோரும் இதே பொறியில் சிக்குகின்றனர். வாசனை மாறினாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது அதே நிக்கோட்டின்தான்.

இன்னொன்றும் அறியத்தக்கது. புகைப்பவரின் மொத்த எடை குறைந்திருந்தாலும், கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரும் போக்கு அவரிடம் மிகுதி. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மிகவும் தீங்கு செய்வது அவ்வயிற்றுக் கொழுப்பே. மெலிவுக்காகப் புகைப்பவர் அந்த மெலிவையும் முறையாகப் பெறுவதில்லை.

இனி இரண்டு தட்டுகளிலும் வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு தட்டில் நான்கைந்து கிலோ எடை. மறுதட்டில் என்ன இருக்கிறது?

ரிச்சர்ட் டால் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1951-ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையும் வாழ்நாளையும் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஐம்பது ஆண்டுக்கால முடிவுகள் 2004-ஆம் ஆண்டில் வெளியாயின. வாழ்நாள் முழுதும் புகைத்தவர், புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் விட்டவர் 3 ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் 6 ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் 9 ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர் ஏறத்தாழ அந்தப் பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். அந்த ஆண்டுகள் வெறும் எண்கள் அல்ல. மகளின் திருமணம், பேரனின் காதுகுத்து, இன்னும் சில தைப்பூசங்கள் என்பனவே அவை.

"எடை கூடினால் அந்த நன்மை கரைந்துவிடாதா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பல்லாயிரவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்து, இதற்கு விடையளித்தது. புகையை விட்டு, 10 கிலோவுக்கு மேல் எடை கூடியவர்களிடத்திலுங்கூட, இறப்புக்கான அபாயம் தொடர்ந்து புகைப்போருக்கு உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. கூடிய எடை, உயிரைக் காக்கும் நன்மையை அழித்துவிடவில்லை என்பதே அதன் முடிவு.

அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. அதை மறைத்தல் முறையாகாது. புகையை விட்டபின் எடை மிகக் கூடியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு உயர்ந்து, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் உச்சத்தை எட்டி, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. எடை கூடாதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. இந்த எச்சரிக்கை மலேசிய இந்தியர்களுக்கு மிகவும் பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடமே அது மிக அதிகம். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். ஆகவே எடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது இவ்வுரையின் கருத்தன்று. எடைக்கு மருந்து வெண்சுருட்டு அன்று என்பதே கருத்து. புகைத்தலே நீரிழிவு வருவதற்கான காரணங்களுள் ஒன்று. நீரிழிவு உள்ளவர் புகைத்தால் இதயமும் சிறுநீரகமும் கால்களும் இருமடங்கு தாக்குதலுக்கு ஆளாகின்றன.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, வரிசையை மாற்றாதிருத்தல். முதலில் புகை, அடுத்து எடை. புகையை விட்ட அதே வாரத்தில் எடையையும் குறைக்க வேண்டுமென்று கடும் பட்டினி கிடப்பவர் இரண்டிலும் தோற்பதுண்டு. பட்டினி புகைக்கும் வேட்கையைத் தூண்டுகிறது. முதற்சில மாதங்களில் இரண்டு மூன்று கிலோ கூடினால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டுவதில்லை. அது விடுதலைக்குச் செலுத்தும் சிறிய கட்டணம், பின்னர் மீட்டுக்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, வேட்கையையும் பசியையும் பிரித்தறிதல். புகைக்க வேண்டும் என்னும் துடிப்பு எழுந்தால் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு குவளை நீர், வாயில் ஒரு கிராம்போ ஏலக்காயோ, சிறிது தூரம் நடை, மனத்துக்குள் முருகன் திருநாமம் என ஏதேனும் ஒன்று போதும். அந்த வேளையில் மிட்டாயையும் பலகாரத்தையும் நாடினால், புகையின் இடத்தில் சர்க்கரை குடியேறிவிடும்.

மூன்றாவது, பானங்களைக் கவனித்தல். புகைப்பவருக்கு வெண்சுருட்டும் தேநீரும் இரட்டைப் பிள்ளைகள். வெண்சுருட்டு போனபின், அந்த இடைவேளையில் இன்னொரு குவளை தே தாரிக் வந்து அமர்ந்துகொள்கிறது. கட்டிப்பாலும் சீனியும் கலந்த அந்தக் குவளைகளே எடையைக் கூட்டுவதில் முன்னணியில் நிற்கின்றன. இனிப்பில்லாத தே-ஓ கோசோங்குக்கு மாறிக்கொள்வது எளிய தொடக்கம். ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் அடியோடு விலக்கத்தக்கவை அல்ல; ஆனால் நாள்தோறும் காலை உணவாகத் தக்கவையும் அல்ல. கோயில் பிரசாதத்தையும் ஒரு கரண்டியளவில் பெற்றுக்கொண்டாலே திருவருள் முழுமையாகக் கிட்டும்.

நான்காவது, நடத்தல். தோட்டத்து வாழ்க்கையில் முன்னோர் விடியுமுன் எழுந்து, மரம் மரமாக நடந்து பால் வெட்டினர். இன்று பிள்ளைகள் லாரியிலும், காவல் கூண்டிலும், கணினியின் முன்னும் அமர்ந்தே பொழுதைக் கழிக்கின்றனர். வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேர விரைந்த நடை அதற்குப் போதுமானது. நடை எடையைத் தடுப்பதோடு, புகைக்கும் வேட்கையையும் தணிக்கிறது.

ஐந்தாவது, மருத்துவத் துணையை நாடுதல். நிக்கோட்டின் சுவிங்கம், ஒட்டுவில்லை, மருத்துவர் தரும் மாத்திரைகள் ஆகியவை விடுபடும் முயற்சிக்குத் துணைநிற்கின்றன. அவற்றுள் சில, எடை கூடுவதையும் தள்ளிப்போடுகின்றன. அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் புகையை விடுவதற்கான ஆலோசனைச் சேவை உண்டு. சிங்கப்பூரிலும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தொலைபேசி ஆலோசனை உண்டு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்பவர், விரதம் தொடங்கும் முன்னரும் புகையை விடும் முன்னரும் தம் மருத்துவரிடம் சொல்லிவிடுதல் இன்றியமையாதது. உணவும் பழக்கமும் மாறும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம்.

ஆறாவது, அளந்து பார்த்தல். நாள்தோறும் எடைக்கருவியில் ஏறி மனம் நொந்துகொள்ள வேண்டுவதில்லை. வாரம் ஒருமுறை போதும். எடையைவிட இடுப்பளவே சிறந்த காட்டி. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நன்று.

ஏழாவது கடமை, புகையை விட்டவருக்கு உரியதன்று, சுற்றியிருப்போருக்கு உரியது. பந்தியில் அந்த இளைஞர் சொன்ன ஒரு சொல், அன்பரின் நாற்பத்தெட்டு நாள் தவத்தைக் கலைத்தது. "உடம்பு ஏறிப்போச்சே" என்னும் அதே வாய், "முகம் தெளிஞ்சிருக்கு அண்ணே, இருமலும் இல்லையே" என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் ஒன்று மனிதரைப் பெட்டிக்கடைக்கு அனுப்புகிறது. மற்றொன்று வீட்டுக்கு அனுப்புகிறது. தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏங்க, இப்படி ஊதிட்டீங்களே!" என்று கேட்பதற்கு முன், சமையலில் தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் சற்றுக் குறைத்து, மாலையில் அவரோடு சேர்ந்து நடக்கப் புறப்படுங்கள். குறை சொல்லுதலினும் கூட நடத்தல் மேலானது.

அன்பர்களே! விரதம் என்பது இறைவனுக்குச் செலுத்தும் கையூட்டு அன்று. காவடி இறங்கியதும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தன்னை ஆளத் தனக்கே வல்லமை உண்டு என்பதை மனிதன் கண்டுகொள்ளும் பயிற்சியே விரதம். நாற்பத்தெட்டு நாள் புகைக்காதிருக்க முடிந்தவரால் நாற்பத்தொன்பதாம் நாளும் இருக்க முடியும். அந்த ஒரு நாளே வேண்டப்படுவது. அதற்கு மறுநாள், அதனைப் போன்ற இன்னொரு நாள்.

பத்துமலையின் 272 படிகளை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். அடுத்த தைப்பூசத்தில் இருவர் ஏறுகின்றனர். ஒருவர் மெலிந்தவர், சட்டைப்பையில் பெட்டி, பாதிப் படியில் நின்று மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். மற்றவர் சென்ற ஆண்டைவிட நான்கு கிலோ கூடுதல். வேட்டி சற்று இறுக்கந்தான். ஒரு பால்குடத்தின் சுமையை உடலிலேயே சுமந்து, ஆயினும் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறுகிறார். கூடிய சுமையை நடந்து நடந்து இறக்கிவிட முடியும். புகை தின்ற நுரையீரலை எந்த நேர்த்திக்கடனாலும் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது.

இவ்வாண்டு விரதத்தில் வெண்சுருட்டைக் கீழே வைத்த ஒவ்வோர் அன்பரும், கண்ணாடியைக் கண்டு அஞ்சாமல், அதனை மீண்டும் எடுக்காதிருக்க, வேலும் மயிலும் துணை நிற்பதாக.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!